அருளாளர் வரலாறு: புள்ளியால் பெயர் மாறிய இளவரசர்

பல சமயத்தாரொடு ஒரே தெருவில் வாழும் நம் குடும்பங்களில், பிற சமயப் பெரியோர் வரலாற்றைப் பிள்ளைகள் படித்தல் தகுமா என வினவும் அன்பர்கள் உளர். அவர்கட்கு ஒரு வரலாற்றையே விடையாகத் தர விழைகின்றேன்.

ஐரோப்பியக் கிறித்துவர் பல நூற்றாண்டுகள் போற்றிய அடியாருள் ஒருவர் யோசபாத்து. உரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27 அவருக்கும் அவர்தம் ஆசான் பர்லாமுக்கும் உரிய நாளாக இடம்பெற்றிருந்தது. அவர் இந்திய நாட்டு இளவரசர். துன்பம் கண்ணிற் படாவண்ணம் தந்தையால் அரண்மனையிற் காக்கப்பெற்றவர். வெளியே சென்றபோது நோயாளனையும் குருடனையும் முதியோனையும் கண்டு உளங்கலங்கியவர். முடிவில் அரசு துறந்தவர். இவர் யாரென நம் வீட்டுச் சிறுவரும் சொல்லிவிடுவர். ஐரோப்பிய அறிஞர் அதனை நிறுவியதோ 1860ஆம் ஆண்டையொட்டித்தான்!

புத்தர் பெருமானின் வரலாறு பாரசீகம் கடந்து அரபு மொழியை அடைந்தது. போதிசத்துவர் ஆண்டுப் ‘பூதாசபு’ ஆனார். அரபு எழுத்தில் சொல்லின் முதலில் வரும் பகரத்திற்குக் கீழே ஒரு புள்ளி, யகரத்திற்கு இரண்டு. ஒரு புள்ளி மிகவே ‘யூதாசபு’ ஆனார். பின்னர் ஜார்ஜிய மொழி, கிரேக்கம், 11ஆம் நூற்றாண்டில் இலத்தீன் எனப் பயணம் நீண்டது. பெயரும் தேய்ந்து யோசபாத்து என நின்றது.

இதனைக் களவு என்பார் உளர். யான் அங்ஙனம் கருதவில்லை. கொண்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொள்ளவில்லை. புத்தர் கண்ட நான்காம் காட்சி ஒரு துறவி. அதன்பின் அவர் தாமே தேடிச் சென்றார். கிறித்துவ நூலிலோ பர்லாம் என்னும் துறவி, விலையுயர்ந்த மணியொன்றை விற்கும் வணிகர் கோலத்தில் அரண்மனைக்கே வருகின்றார். முதுமையும் சாவும் உள்ள உலகில் வாழ்வது எங்ஙனம் என்னும் வினா இரு நூலிலும் ஒன்றே. விடையை மட்டும் அவரவர் தத்தம் நெறிக்கேற்ப எழுதிக்கொண்டனர்.

பர்லாம் கூறும் கதைகளுள் ஒன்று நமக்குப் பழையது. மரணம் துரத்த ஓடியவன் பாழ்ங்கிணற்றில் தொங்குகின்றான், அடியிலே பாம்பு, பற்றிய கொடியை வெள்ளெலியும் கருப்பெலியும் கொறிக்கின்றன, அவனோ சொட்டும் தேனைச் சுவைக்கின்றான். மகாபாரதத்தில் விதுரர் திருதராட்டிரனுக்கு உரைத்தது இது. அங்கே யானை வரும். கிரேக்கர்தம் நூலில் அது ஒற்றைக்கொம்பு விலங்காயிற்று. இத்தாலி நாட்டுப் பார்மா நகரத் திருமுழுக்காலய வாயிலொன்றன் மேல் இக்காட்சியைச் சிற்பமாக வடித்துள்ளனர். தேனடையை நோக்கி அவன் இன்றும் கை நீட்டுகின்றான்.