பழைய துப்பாக்கி கூறும் சாட்சி

பழைய துப்பாக்கி ஒன்றின் விசைத் தகட்டிலே கிரீடமும், விக்டோரியா ராணியின் பெயரெழுத்துக்களும், 1857 என்ற வருஷமும் காணப்பட்டால், "இது அந்த மகா புரட்சியில் முழங்கிய ரைபிள்" என்று உடனே முடிவு கட்டிவிடுவோர் நம்மில் பலர். இவ்வார்வம் தேசாபிமானத்திலிருந்து பிறப்பதே. ஆயினும் தேசாபிமானத்துக்குப் பொய்ச் சாட்சி வேண்டுவதில்லை. மெய்ச் சாட்சி அந்தத் துப்பாக்கியின் குழலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வதே நமது கடமை.

1853-ம் வருஷத்து மாதிரி என்பீல்டு ரைபிள், வாய் வழியே மருந்திட்டுச் சுடும் ஆயுதம். குழலின் நீளம் 39 அங்குலம். உள் விட்டம் 0.577 அங்குலம். குழலைக் கட்டையோடு பிணைக்கும் பட்டைகள் மூன்று. உள்ளே முறுக்காக வெட்டிய மூன்று வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்தும். பழைய வழுக்குக் குழல் துப்பாக்கியால் 100 கெஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறி தவறாமல் சுடுதல் அரிது. என்பீல்டின் குறிப்பலகையிலோ 900 கெஜம் வரை அளவு பொறித்திருந்தார்கள்.

1857 ஜனவரியில் டம்டமில் எழுந்த கொழுப்புத் தோட்டாவின் கதையை அறியாதார் இல்லை. ஆனால் அப்போது இந்த ரைபிள் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய பயிற்சி நிலையங்களுக்கே வந்திருந்தது. ஏப்ரல் 24-ந் தேதி மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரை வீரர்களுக்கு நீட்டப்பட்டவை என்பீல்டுத் தோட்டாக்களே அல்ல. அவர்கள் பழகிய பழைய தோட்டாக்கள். நம்பிக்கை அவ்வளவு தூரம் முறிந்திருந்தது! மே 10-ந் தேதிக்குப் பின் எழுந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் கையிலிருந்தவை வழுக்குக் குழல் துப்பாக்கிகளே. எதிரே நின்ற வெள்ளைத் துருப்புகளில் பலரிடம் என்பீல்டு இருந்தது. வீரத்தில் குறைந்ததால் மட்டும் நம்மவர் தோற்றார்கள் என்போர் இதைச் சிந்திப்பார்களாக.

அடக்குமுறை முடிந்தபின் ஆள்வோர் செய்தது என்ன? சுதேசித் துருப்புகளுக்கென்று தனி மாதிரியே வகுத்தார்கள். வெளித் தோற்றத்தில் அதுவும் என்பீல்டு. குழலுக்குள்ளோ வரிப்பள்ளம் இல்லை. விட்டம் 0.656 அங்குலமாக அகற்றப்பட்டது. உயர்த்தித் தாழ்த்தும் குறிப்பலகைக்குப் பதிலாக அசையாத சிறு கட்டை ஒன்று வைக்கப்பட்டது. தன் சிப்பாய் தூரத்தில் குறி பார்த்துச் சுடலாகாது என்று ஒரு சர்க்கார் இரும்பிலே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இது! வெள்ளைச் சிப்பாய்க்குப் புது ஆயுதம், இந்தியச் சிப்பாய்க்கு அவன் கழித்தது என்ற முறை பின்னரும் நீடித்தது. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. துருப்பில் தொடங்கிய அவநம்பிக்கை தேசம் முழுவதற்கும் சட்டமாயிற்று.

ஆகையால் தகட்டிலுள்ள வருஷத்தை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறலாகாது. அது தகடு செய்யப்பட்ட வருஷம். துப்பாக்கி போர் கண்ட வருஷமன்று. பின்னங்கால்களில் நிமிர்ந்த சிங்க முத்திரை இருந்தால் அது கம்பெனியாருக்காகச் செய்யப்பட்டது. எழுத்துக்கள் கோணியோ தலைகீழாகவோ இருந்தால், வடமேற்கு எல்லைக் கொல்லர்களின் நகலோ என்று சந்தேகிக்க வேண்டும். வாயின் விட்டத்தை அளந்து, வரிப்பள்ளம் உண்டா என்று பார்த்து, குறிப்பலகையையும் ஒப்பிட வேண்டும். பிற்காலத்து வேட்டைக்காரர்களும் குழலைக் குடைந்ததுண்டு. ஆதலால் எல்லா அடையாளங்களும் ஒத்து வந்தாலன்றி முடிவு கூறுதல் தகாது.

"சுட்டுப் பார்த்தால் என்ன?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நூறாண்டுக்கு மேலாக மருந்தும் குண்டும் உள்ளேயே தங்கிய துப்பாக்கிகள் உண்டு. கோலை வாய் வழியே விட்டு, உள்ளே சென்ற நீளத்தைக் குழலின் வெளி நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதைக் கையாளுவதே அபாயம். இது கருமருந்துக்கென்று செய்த குழல். இக்காலத்துப் புகையில்லா மருந்தை இட்டால் வெடித்துச் சிதறும். துரு அரித்த குழலுக்குக் கருமருந்தும் எமனே. 0.656 அங்குலமாகக் குடைந்த குழலிலோ சுவர் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மெலிந்திருக்கும். சுடும் முறையை அறிய விரும்புவோர் லைசென்ஸ் பெற்று, தேர்ந்தவர் மேற்பார்வையில், புதிதாகச் செய்த நகல் துப்பாக்கியில் பழகலாம். சாட்சியைச் சுட்டுக் கெடுப்பவன் சரித்திரத்துக்குத் துரோகி.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத புராதன ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருட் சட்டமோ நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்களைத் தொல்பொருளாக மதிக்கிறது. சட்டத்தின் கருத்து இவ்வாறிருக்க, பறிமுதலாகியோ ஒப்படைக்கப்பட்டோ வந்த பழைய துப்பாக்கியை நாட்டுத் துப்பாக்கிக் குவியலோடு சேர்த்து உருக்குவது எவ்விதத்தில் நியாயம்? உலைக்கு அனுப்புமுன் பொருட்காட்சிசாலை அறிஞர் ஒருவர் அதைப் பார்வையிட வேண்டுமென்று விதி செய்தல் அவசியம். பொருட்காட்சிசாலைகளும் "1857 ரைபிள்" என்று மொட்டையாக எழுதாமல், விட்டம் இவ்வளவு, வரிப்பள்ளம் உண்டு அல்லது இல்லை, இல்லையேல் ஏன் இல்லை என்பதையும் எழுத வேண்டும். அந்த ஒரு வரியைப் படிக்கும் சிறுவன், அன்னிய ஆட்சி நம்மை எவ்வளவு அஞ்சியது என்பதைப் பத்துப் பிரசங்கங்களைக் காட்டிலும் தெளிவாக அறிவான். அதிகாரிகள் கவனிப்பார்களாக, பழைய துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பத்தாரும் கவனிப்பார்களாக.