ஷோகேஸிலிருந்து கேமராவை எடுங்கள்

காபிக் கடை அலமாரியில், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டில் மாப்பிள்ளையின் கழுத்தில், வீட்டு ஷோகேஸில் என்று பழைய பிலிம் கேமராவை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றிலும் பிலிம் இருப்பதில்லை. கோவை காந்திபுரத்தில் ஒரு ஸ்டூடியோவின் டார்க் ரூமில் தொழில் பழகியவன் நான். நன்றாக வேலை செய்யக்கூடிய ஒரு கருவியை அலங்காரப் பொருளாக்கி வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

பென்டாக்ஸ் கே1000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1976 முதல் 1997 வரை தயாரான கேமரா. பல நாடுகளில் போட்டோகிராபி படித்தவர்கள் இதில்தான் கை பழகினார்கள். இதன் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பற்சக்கரத்திலும் ஓடுகிறது. அடியில் போடும் சின்ன பேட்டரி, வெளிச்சத்தை அளந்து காட்டும் முள்ளுக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். நல்ல வெயிலில் அந்த முள்ளே தேவையில்லை. 100 ஐஎஸ்ஓ பிலிம் என்றால் ஷட்டரை 125-லும் அப்பர்ச்சரை 16-லும் வைத்தால் போதும். மேகம் போட்டால் 8, நல்ல நிழலுக்குள் போனால் 4. எங்கள் காலத்தில் இதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தோம்.

ரோல் போடுவதுதான் முதல் பாடம். ரீவைண்ட் குமிழை மேலே இழுத்தால் பின்மூடி திறக்கும். இடப்பக்கம் ரோலைப் பொருத்தி, பிலிமின் நாக்கை இழுத்து வலப்பக்க உருளையின் பிளவில் செருக வேண்டும். ஓரத்து ஓட்டைகளில் பற்கள் இரண்டு பக்கமும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியைச் சாத்த வேண்டும். பிறகு லீவரைத் தள்ளும்போது கண் ரீவைண்ட் குமிழ் மேல் இருக்க வேண்டும். அது எதிர்ப்பக்கம் சுற்றினால் பிலிம் ஓடுகிறது. சுற்றாமல் நின்றால் உள்ளே நாக்கு கழன்றுவிட்டது. நீங்கள் அமுக்குகிற 36 படமும் காற்றில் போகும். மூடியைத் திறக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்லும் ஒரே அடையாளம் அந்தக் குமிழ்தான்.

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் இந்தக் கவனத்துக்கு மதிப்பு அதிகம். இணைச்சீர், அருமைக்காரர் செய்து வைக்கும் சடங்குகள் என்று ராத்திரியிலிருந்தே படம் எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் ஸ்டூடியோ முதலாளி சொல்வார்: “கண்ணு, தாலிக்கு முந்தி ரோல மாத்திரு. பாதி மிச்சமிருந்தாலுஞ் சரி.” கவுண்டரில் முப்பதைத் தாண்டிய ரோலோடு யாரும் முகூர்த்தத்துக்குப் போய் நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இன்னொன்று பிளாஷ். கே1000-ல் ஷட்டர் 60-ஐத் தாண்டினால், பிளாஷ் அடிக்கிற நேரத்தில் திரை முழுசாகத் திறந்திருக்காது. படத்தின் ஒரு பக்கம் கறுத்துவிடும். தாலி கட்டும் அந்தச் சில நொடிக்குள் தூரம், வெளிச்சம், ஷட்டர் மூன்றையும் கை சரிபார்த்து முடித்திருக்க வேண்டும். நான் கற்றுக்கொண்ட ஒழுங்கெல்லாம் அங்கே கற்றதுதான்.

நம் பக்கத்துக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. கோவைக்காரரான ஜி.டி. நாயுடு 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் பதிவு செய்தவர். மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் ஊட்டியில் இந்து நகர் வரும். மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளை பிலிமும் ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே பிலிமும் ‘இந்து’ என்ற பெயரில் அங்கிருந்து நாடெங்கும் போயின. தொண்ணூறுகளில் நலிந்த அந்த ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கைப்பழக்கத்தை நாம் அதோடு சேர்த்து இழந்துவிட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மிச்சமிருக்கும் பழக்கத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கோவையில் விஸ்காம் நடத்தும் கல்லூரிகள் முதல் செமஸ்டரில் ஒவ்வொரு மாணவரையும் ஒரு மேனுவல் கேமராவில் ஒரு ரோல் எடுக்க வைக்க வேண்டும். அதை அவரே டேங்க்கில் போட்டுக் கழுவ வேண்டும். செல்போனில் ஒரு தடவை தொட்டால், அது பல படங்களை எடுத்துக் கலந்து, இருட்டையும் வெளிச்சத்தையும் தானே சமன்செய்து கொடுத்துவிடுகிறது. படம் அழகாகத்தான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் அப்படி வந்தது என்று எடுத்த பிள்ளைக்குத் தெரிவதில்லை. நெகட்டிவைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறபோது, எந்தப் படத்தில் முகம் வெளிறியது, எதில் கை ஆடியது என்று காரணத்தோடு தெரியும். நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரும் அப்பர்ச்சரும் குறித்து வைத்திருந்தால் பாடம் முழுமையாகும்.

செலவு என்பார்கள். ஒரு ரோல் கறுப்பு வெள்ளை பிலிம் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய இன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, உண்மைதான். ஆனால் கல்லூரியே கழுவினால் அதில் ஒரு பகுதி மிச்சமாகும். ஒரு கேமராவைப் பத்துப் பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் லேபுக்குச் செய்கிற செலவின் பக்கத்தில் இது பெரிய தொகை இல்லை.

கேமராவை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். ஈரம் பிடித்து லென்ஸில் பூஞ்சை படரும். உறையைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதம் ஒரு தடவை எல்லா வேகத்திலும் ஷட்டரை அமுக்கிவிடுங்கள். நீங்கள் எடுக்கப்போவதில்லை என்றால் பக்கத்துக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்துவிட வேண்டாம். ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. அடியில் உள்ள பொத்தானை அமுக்கி, இறுக்கம் விடும் வரை சுற்றி எடுத்து, கழுவக் கொடுங்கள். பழைய பிலிமிலும் படம் கிடைக்க வாய்ப்பு உண்டு.