குளிர் கொல்லும் என்னும் பிரமை

வடசென்னையின் எம்.கே.பி. நகரிலும் அதையடுத்த வியாசர்பாடி, கொடுங்கையூர் வட்டாரங்களிலும் சற்றே பெரிய மளிகைக் கடைகளில் இப்பொழுது வாசலருகே ஒரு ஃப்ரீசர் பெட்டி இடம்பிடித்துவிட்டது. அதன் கண்ணாடி மூடியைத் தள்ளிக் கல்லாய் இறுகிய கோழிப் பொட்டலத்தை வாங்குகிறவரும் அதை எடுத்துக் கொடுக்கிறவரும் ஒருங்கே கொண்டுள்ள அபிப்பிராயம் ஒன்றுண்டு: ஐஸில் கிடந்த பண்டத்தில் கிருமி உயிரோடிராது என்பது. படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றிப் பரவிக் கிடக்கும் இந்த அபிப்பிராயம் முழுப் பொய்.

ஐஸின்மேல் சென்னைவாசிக்குள்ள மரியாதை பழையது. 1840களில் பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த ஐஸ் பாளங்களுக்காகக் கட்டப்பட்ட மாளிகைதான், பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயரைப் பெற்று இன்றும் கடற்கரையில் நிற்கிறது. காசிமேட்டில் ஐஸ் இட்ட மீன் நாறுவதில்லை என்பதும் கண்கூடு. நாறாதது கெடாதது, கெடாதது தீங்கற்றது என்று மனம் இரண்டு படி தாவிவிடுகிறது. இரண்டாவது படியில்தான் கால் இடறுகிறது. இறைச்சியை நாறச் செய்யும் கிருமி வேறு, மனிதனைப் படுக்கையில் தள்ளும் கிருமி வேறு. இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த சால்மோனெல்லா குடியேறிய கோழி நிறத்திலும் மணத்திலும் யாதொரு மாறுபாடும் காட்டாது.

அந்தக் கிருமி எந்த நோயுமின்றி மேயும் கோழியின் குடலிலேயே வசிக்கக்கூடியது. அறுத்துக் குடலை உருவும்போது தோலிலும் தசையிலும் ஒட்டிக்கொள்கிறது. (கண்ணெதிரே வெட்டி வாங்குகிறோமென்று இறுமாந்திருப்போருக்கும் இது பொருந்தும், கத்தியும் கட்டையும் அங்கே எத்தனை கோழிகளைக் கண்டவை!) மைனஸ் 18 பாகையில் அதன் பெருக்கம் நின்றுபோகிறது, ஒரு பகுதி மடிகிறது, எஞ்சியது மாதக்கணக்கில் கும்பகர்ணனைப்போல் உறங்கிக் கிடந்து, நமது சீதோஷ்ணத்தின் 35 பாகை உடம்பில் பட்டதும் எழுந்து, அரைமணிக்கொருமுறை இரட்டிப்பாகும் பசியோடு வேலையைத் தொடங்குகிறது.

உறக்கம் கலைவதற்கு வீட்டு அடுக்களை வரை போகவேண்டியதுமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் நின்று மின்சாரமும் நின்றதே, அப்படி நிற்கும்போது நிறைந்த ஃப்ரீசர் ஒன்று மூடி திறவாமலிருந்தால் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள்தான். அதற்குமேல் இளகிய இறைச்சி, மின்சாரம் மீண்டதும் மறுபடி கல்லாகிவிடுமாகையால், பார்ப்பவர் கண்ணுக்கு நடந்தது தெரியாது. பொட்டலத்தினுள்ளே பொடி ஐஸும், அடியில் உறைந்த செந்நீர்ப் பாளமும் கண்டால் சந்தேகிக்க இடமுண்டு. ஆனால் நம்மவர் தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களேயன்றி, பெட்டியின் வெப்பமானி என்ன காட்டுகிறதென்று கேட்பதில்லை. பல பெட்டிகளில் அது இருப்பதுமில்லை.

வீட்டிலோ பிரமை இன்னும் துணிவு பெறுகிறது. காலையில் தொட்டியிலிட்ட பொட்டலம் மத்தியானம்வரை வெளியிலேயே கிடந்து இளகுகிறது. பிறகு மஞ்சள் தூளிட்டுக் குழாயடியில் கழுவும் சம்பிரதாயம். பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2014இல் கோழியைக் கழுவவே வேண்டாமென்று பிரசாரம் செய்தது. தெறிக்கும் திவலைகள் அரை மீட்டர் தூரத்துக்கும் கிருமியைக் கொண்டுபோகும் என்பதே காரணம். அந்த அரை மீட்டருக்குள் நம் அடுக்களையில் கொத்தமல்லியும் வெங்காயமும் நறுக்கி வைத்திருக்கும்.

“எங்கள் பாட்டி இப்படித்தான் கழுவினாள், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று ஆட்சேபம் வரும். அந்தப் பாட்டி கழுவியதைக் குழம்பிலிட்டு எலும்பு கழலும்வரை கொதிக்கவைத்தாள். 70 பாகையைத் தாண்டிக் கொதித்த குழம்பில் சால்மோனெல்லாவுக்கு இடமேது? பேரனோ உறைந்த துண்டை இளகவும் விடாமல் எண்ணெயில் போடுகிறான். மேலே பொன்னிறம், எலும்போரத்தில் இன்னும் குளிர்ச்சி. கம்பியில் அடுக்கிய ஷவர்மாவிலும் வெளிச்சதை வெந்து சுரண்டப்படுகையில் உட்சதை வேகாமலிருக்க ஏதுவுண்டு. 2022 மே மாதம் கேரளத்துச் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி இறந்தபின் எடுத்த மாதிரிகளில் ஷிகெல்லா என்னும் மற்றொரு குடல் கிருமியோடு சால்மோனெல்லாவும் காணப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் ஃப்ரீசரைக் கிருமிநாசினியாகக் கருதும் கடைக்காரர், மின்சாரம் நின்ற பெட்டியிலிருந்த சரக்கைக் குப்பைக்கு அனுப்பாமல் மறுபடியும் உறையவைத்து விற்கத் துணிவாரானால், அந்தத் துணிவை அவருக்குக் கொடுத்தது, ஐஸில் இருந்ததுதானே என்று கேள்வி கேட்காமல் வாங்கிப்போகிற நாம்தான்.