பல் முளைப்பதால் அல்ல

ஆசிரியருக்கு,

வயிற்றோட்டம் நின்று ஒரு கிழமையாகியும், பால்மா கரைத்துக் கொடுத்தாலே என் ஒன்றரை வயதுப் பேரனுக்கு வயிறு ஊதி, புளித்த மணத்தோடு தண்ணீராய்ப் போனது. 'பல்லு முளைக்குது' என்று இருந்துவிட்டோம். தீவுக்கு வெளியே வைத்தியரிடம் போக, குறிகட்டுவான் துறைக்கே படகில் ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

வைத்தியர் பிறகு விளக்கினார்: வயிற்றோட்டத்தில் குடலின் உட்சுவர் பழுதாகி, பாற்சீனியான லக்டோஸைச் செரிக்கும் லக்டேஸ் நொதியம் குறையுமாம், பெரும்பாலும் சில கிழமைகளில் மீளும். பாற்புரத ஒவ்வாமை வேறு; அதில் மலத்தில் இரத்தம், உடம்பில் தடிப்பு வரலாம். எதற்காகவும் தாய்ப்பாலை நாமாக நிறுத்தக்கூடாது. அரிசிக் கஞ்சியும் கொஞ்சம் தயிரும் பேரனுக்கு ஒத்துக்கொண்டன.

வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும். ஆனால் நெடுந்தீவுக் கிணறுகள் பல உவர். சுகாதார அதிகாரிகளே, தீவகத் தாய்மாருக்கு இவற்றையெல்லாம் கிளினிக்கிலேயே சொல்லிக்கொடுங்கள். லக்டோஸ் இல்லாத பால்மாவும் சில டின்கள் இங்கு இருக்கட்டும்.

ஓர் அம்மம்மா,
நெடுந்தீவு