வாய் திறக்க ஒரு வழி

தமிழ்வழியில் பயின்று இப்பல்கலைக்கழகம் வந்த நம் தம்பி தங்கையர் பலர், வகுப்பில் ஐயம் எழுந்தாலும் வாய் திறப்பதில்லை. அறிவுக் குறைவா? அன்று, ஆங்கிலம் பேசிப் பழகாத குறையே. இலக்கண நூலை மீண்டும் புரட்டுவதால் அக்குறை தீராது.

எளிய வழி ஒன்று உண்டு: கணக்கெடுப்பு. இருபது பேர் கூடட்டும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்ளட்டும். ‘டூ யூ டிரிங்க் காபி?’ என்று ஒருவரைக் கேட்டு, விடையைத் தாளில் குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் செல்லட்டும். பத்தொன்பது முறை கேட்ட வினா நாவில் தானே படியும். மனப்பாட உரையாடலில் விடை முன்பே தெரியும், இங்கோ தெரியாது. ஆகவே, காது கொடுத்துக் கேட்டே தீரவேண்டும். முடிவில், ‘மணி டிரிங்க்ஸ் காபி’ என்று அவைமுன் அறிவிக்கும்போது, வினைச்சொல் மாறும் வகையும் விளங்கும். பிழைகளை இடையில் திருத்த வேண்டா. இறுதியில் கரும்பலகையில் திருத்தலாம்.

கருத்து பொருளில் ஊன்றும்போது மொழி வளரும் என்பதே, 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டத்தின் அடிப்படையும் ஆகும்.

தமிழ் மன்றத்தில் ஆங்கிலமா என்று சிலர் சினக்கலாம். பிழையாகப் பேசினும் எள்ளி நகையாடாத இடம் நம்மவர்க்கு வேறெங்கே உண்டு? கேட்க அஞ்சித் தமிழ் மாணவன் தலைகுனிந்திருப்பது தமிழுக்குப் பெருமையா?

தாளும் பென்சிலும் அரைமணி நேரமும் போதும். அடுத்த கூட்டத்திலேயே தொடங்குவோம்!