கிணற்றடி மீட்டரும் தறி வீட்டு மீட்டரும்

கிணற்றடியில் மின்சார மீட்டர் வைக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால், நம் சங்கத்து விவசாய அங்கத்தினர்களின் முகம் உடனே மாறிவிடுகிறது. இதில் வியப்பில்லை. மின்கட்டணம் என்ற சொல்லோடு கொங்கு நாட்டுக்கு இரத்தத் தொடர்பு உண்டு. கட்டண உயர்வை எதிர்த்து 1970ஆம் ஆண்டில் எழுந்த கிளர்ச்சியில் பெருமாநல்லூரிலே விவசாயிகள் 3 பேர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். 1972ஆம் ஆண்டில் நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் கோயம்புத்தூர் நகரத்து வீதிகளை மாட்டு வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. இத்தகைய போராட்டங்களின் பயனாகவே 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற உரிமையை ஒரு சிறு பெட்டி வந்து பறித்துவிடுமோ என்று குடியானவர் அஞ்சினால், அவரை அறியாமை உடையவர் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது.

ஆயினும் இந்த அச்சத்தில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பது நமது அபிப்பிராயம். விலை கொடாமல் பெறுவது ஒன்று. எவ்வளவு பெற்றோம் என்று அறியாமலே இருப்பது மற்றொன்று.

இதற்கு அத்தாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டுவதில்லை. நம் சங்கத்துக் கைத்தறியாளர் வீட்டுச் சுவரைப் பார்த்தால் போதும். 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 750 யூனிட்டாக இருந்ததை 1000 யூனிட்டாகவும் உயர்த்தியது. இவ்விரு இடங்களிலும் மீட்டர் உண்டு. மீட்டர் இருந்ததனால் இலவசம் போய்விடவில்லை, உயர்ந்தே இருக்கிறது. சொல்லப்போனால், இவ்வளவு செலவாகிறது, இன்னும் இவ்வளவு வேண்டும் என்று கணக்கோடு கேட்க நெசவாளருக்கு அந்த மீட்டரே துணையாயிற்று. கிணற்றுக்காரருக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலான விவசாய இணைப்புகளில் மோட்டாரின் குதிரைத் திறனை வைத்து, இவ்வளவு மின்சாரம் செலவாகியிருக்கும் என்று ஊகித்தே கணக்கு எழுதப்படுகிறது. அந்த ஊகம் கூடுதல் என்று ஒருவர் வாதாடினாலும், குறைவு என்று மற்றொருவர் வாதாடினாலும், இருவர் கையிலும் எண் இல்லை.

மீட்டர் ஏதோ புதுமை என்று எண்ணுகிறவர்கள் கவலை இறைத்த காலத்தைச் சற்று நினைக்க வேண்டும். அக்காலத்திலும் கிணற்றடியில் அளவுக் கருவி இருந்தது. அதற்கு நான்கு கால்களும் இரண்டு கொம்புகளும் இருந்தன. தண்ணீர் கீழே போகப் போக வடத்தின் நீளம் கூடிற்று. சாலை மேலே வரும் நேரம் கூடிற்று. மாடு நுரை தள்ளிற்று. மாடு களைத்தால் இறைப்பு நின்றது. நின்ற நேரத்தில் கிணறு ஊறிற்று. 1932ஆம் ஆண்டில் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகிக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கு வந்தபின் மில்களுக்கு அடுத்தபடியாக அதனால் பெருநன்மை அடைந்தவை கிணறுகளே. மோட்டாருக்குக் களைப்புக் கிடையாது. மாட்டை அவிழ்த்துவிட்டதைக் குறித்து வருந்துவோர் நம்மில் யாரும் இல்லை. அந்த உழைப்பை அறிந்தவர் வருந்தவும் மாட்டார். ஆனால் மாட்டோடு சேர்த்து அந்த அளவையும் அவிழ்த்துவிட்டோம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டுவதற்கு ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். மோட்டாரிலும் குழாயிலும் வீணாவது போக, செலவிடும் மின்சாரத்தில் நூற்றுக்கு 40 பங்கு தண்ணீரை உயர்த்தப் பயன்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 50 அடியில் இருந்தால் இந்த ஒரு தண்ணீருக்குச் சுமார் 21 யூனிட் ஆகும். 200 அடிக்குப் போய்விட்டால் 84 யூனிட். 800 அடியிலிருந்து ஏற்ற வேண்டுமானால் 336 யூனிட். பயிர் ஒன்றே, நிலம் ஒன்றே, தண்ணீரும் ஒன்றே. தறி வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு என்று கிடைப்பது 300 யூனிட். அதைக் காட்டிலும் அதிகமான மின்சாரம் ஆழமான போர் வைத்த ஒரு ஏக்கருக்கு ஒரே தடவை தண்ணீர் கட்டுவதில் போய்விடுகிறது!

இதைக் குடியானவரின் பேராசைக்கு அடையாளமாகக் காட்டுவது நமது நோக்கமன்று. 800 அடிக்கு யாரும் விளையாட்டாகப் போவதில்லை. கடன் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பிரதேசம். இங்கே தண்ணீர் தங்குவது மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் அதன் கீழ் உள்ள வெடிப்புகளிலுந்தான். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைகின்றன. ஒருவர் ஆழப் போர் போட்டு மேல் வெடிப்பின் நீரையும் சேர்த்து உறிஞ்சினால், பக்கத்துத் தோட்டத்துத் திறந்த கிணறு வற்றுகிறது. அவரும் துளையிடும் லாரியைக் கூப்பிடுகிறார். அண்ணன் 600 அடி என்றால் தம்பி 700 அடி என்று இப்படிப் போட்டி வளர்கிறது. கடைசியில் தோற்பவர் இன்னார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: மேற்கொண்டு கடன் கிடைக்காத சிறு விவசாயி. அவரை அடுத்து, போரும் தோட்டமும் இல்லாமல் ஊர்ப் பொதுக் கிணற்றையும் குழாயையும் நம்பி நூல் நனைக்கும் நெசவாளர். சாயமேற்றிய நூலை அலசத் தண்ணீருக்கு லாரிக்காரரிடம் பணம் கொடுக்கும் நிலை வந்தால், அந்தச் செலவு சேலையின் விலையில் ஏறாது, கூலியில்தான் இறங்கும்.

இதற்கு மேல் கைப்பேசியும் வந்து சேர்ந்தது. கல்யாணப் பந்தலில் உட்கார்ந்தபடியே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் முடிகிறது. இரவில் பாம்புக்கும் இருட்டுக்கும் அஞ்சி வரப்பில் நடக்க வேண்டியதில்லை. இது பெரிய உபகாரம். ஆனால் மின்சாரம் வந்தவுடன் தானே ஓடத் தொடங்கும் தானியங்கிச் சாதனத்தைப் போட்டுவிட்டு உறங்கிவிடும் தோட்டங்களில், வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு வந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சொட்டுநீர்க் குழாய்க்கு அரசு மானியம் தருவது நல்லதே. எனினும் மிச்சமான நீரைக் கொண்டு மேலும் இரண்டு ஏக்கரில் தென்னை வைத்துவிட்டால் கிணற்றுக்கு என்ன மிச்சம்?

சட்டத்தினால் இது தீருமா என்றால், 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. ஆகவே அதிகாரி வந்து பூட்டுப் போடுவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. அப்படி அவர் வருவதும் நமக்கு உவப்பாயிராது. ஊராரே அளந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்பது மேல். ஆந்திரத்தில் வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில், 2000க்குப் பிந்திய பத்தாண்டில், விவசாயிகளே தங்கள் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மழையையும் அளந்து எழுதி, பருவத்துக்கு முன் கூடிப் பேசிப் பயிரைத் தெரிந்துகொள்ளும் முறை நடந்தது. மகாராஷ்டிரத்து ஹிவரே பஜார் கிராமத்தில் ஆண்டுதோறும் ஊர்த் தண்ணீருக்கு வரவு செலவுக் கணக்குப் போடுகிறார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு அங்கே கூடாது. பஞ்சாபில் 2018ஆம் ஆண்டில் ஒரு புதுத் திட்டம் தொடங்கினார்கள். விரும்பிச் சேரும் விவசாயியின் மோட்டாருக்கு மீட்டர் வைத்து, இவ்வளவு யூனிட் என்று ஒரு வரம்பு கட்டி, அதில் செலவிடாமல் மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவருக்கே கொடுத்தார்கள். வரம்பை மீறினாலும் பில் வராது. மீட்டர் பணம் பிடுங்கும் பெட்டிதான் என்போர்க்கு இந்த ஏற்பாட்டை எடுத்துக்காட்டலாம்.

“மீட்டர் வைக்கும்போது இனிப்பாகத்தான் பேசுவார்கள், நாளைக்குக் கட்டணம் போட்டால் என்ன செய்வது?” என்பார் ஓர் அங்கத்தினர். கேள்வி நியாயமானது, அப்படிப் போடமாட்டார்கள் என்று உறுதி கூற நம்மால் இயலாது. ஆனால் கட்டணம் போட நினைக்கும் அரசுக்கு மோட்டாரின் குதிரைத் திறனே போதும். மீட்டர் வந்து காத்திருக்கத் தேவையில்லை. அப்படி ஒரு நாள் வந்தால், ஐந்து ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் சங்கத்தின் குரலும் வெறுங்கையோடு நிற்கும் சங்கத்தின் குரலும் ஒன்றாக இரா. இந்தப் பாடத்தை நெசவாளர் கூலிப் பேச்சுவார்த்தையிலே நன்கு கற்றவர். எத்தனை பாவு, எத்தனை முழம், எத்தனை கழி நூல் என்று நோட்டுப் புத்தகம் இல்லாமல் அவர் பேச்சுக்கு உட்காருவதில்லை.

மின்வாரியத்து மீட்டர் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. அடிக்கணக்கு முடிச்சிட்ட ஒரு கயிறும் நுனியில் கட்ட ஒரு குண்டும் சங்கத்துக்குப் பெரிய செலவல்ல. திறந்த கிணறுகளிலே பத்தைத் தெரிந்தெடுத்து, அவற்றில் இரண்டேனும் நெசவாளர் தெருக் கிணறுகளாக இருக்கும்படி பார்த்து, மாதம் ஒரு முறை விடியற்காலையில், மோட்டார் ஓடத் தொடங்கும் முன், நீர்மட்டத்தை அளந்து பால் கணக்கு எழுதும் பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். மோட்டார் ஓடிய மணி நேரத்தைக் கைப்பேசிச் சாதனமே குறித்து வைத்திருக்கும் தோட்டங்களில், உரிமையாளர் விரும்பினால் அதையும் சேர்த்து எழுதலாம். அளக்கும் பொறுப்பை ஒரு விவசாயியும் ஒரு நெசவாளரும் சேர்ந்து ஏற்பது நல்லது. ஆடிப்பட்டத்து விதைப்புக்கு முன் ஓர் அளவும், கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஓர் அளவும் கிடைத்துவிட்டால், அடுத்த மகாசபையில் பேசுவதற்கு அதுவே போதும்.