'ஒண்ணும் வேணாம், விட்டா போதும்'... விவாகரத்தில் ரொம்ப காஸ்ட்லியான வார்த்தை இதுதான்!

கல்யாணத்துக்கு பட்ஜெட் போடாத வீடு நம்ம ஊரில் உண்டா? மண்டபம் எவ்வளவு, இலைக்கு எவ்வளவு, தாம்பூலப் பைக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டே ஓடும். வந்த மொய்யைக்கூட வரிசையாக எழுதி வைப்போம். ஆனால், அதே கல்யாணம் சரிவராமல் பிரிவது என்று முடிவானால் யாரும் நோட்டைத் திறப்பதில்லை. "இந்த நேரத்துல போய் காசைப் பத்திப் பேசறதா?" என்ற சங்கடம். அந்தச் சங்கடமும் களைப்பும் சேரும்போது வரும் வார்த்தைதான், "ஒண்ணும் வேணாம், விட்டா போதும்."

கேட்க கெத்தாக இருக்கும். ஆனால் அதற்கான பில் பின்னாடி வரும். வாடகை அட்வான்ஸாக, ஸ்கூல் ஃபீஸாக, பிரிந்த பிறகும் உங்கள் பெயரில் ஓடும் ஹோம் லோனாக. பிரிவதற்கும் பட்ஜெட் வேண்டும். அது பேராசை இல்லை, தற்காப்பு.

இந்து திருமணச் சட்டத்தை வைத்தே இங்கே பேசுவோம். மற்ற மதத்தினருக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் விதிகள் கொஞ்சம் மாறும். கணக்கு போடும் முறை பெரிதாக மாறாது.

மீட்டர் எங்கே ஓடுகிறது?

விவாகரத்து செலவு என்றதும் எல்லோரும் கேட்பது வக்கீல் ஃபீஸ்தான். உண்மையில் செலவைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள்: நீங்கள் இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள், கேஸ் எத்தனை மாதம் ஓடுகிறது.

பரஸ்பர சம்மதத்தில் பிரிவதற்கு 13-பி பிரிவு. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருப்பு. இந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, சில சூழ்நிலைகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பார்க்கப்படும் விஷயங்களில் ஒன்று, ஜீவனாம்சம், குழந்தை விவகாரம் எல்லாம் பேசி முடித்தாயிற்றா என்பது. அதாவது, காசைப் பற்றி முன்கூட்டியே பேசினால் கேஸ் சீக்கிரம் முடியவும் வாய்ப்பு அதிகம்.

ஒருவர் சம்மதிக்காவிட்டால் அது போட்டி வழக்கு. வருடக்கணக்கில் இழுக்கும். ஒரு சின்னக் கணக்கு. மதுரையில் கேஸ், பெங்களூரில் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாய்தாவுக்குப் பயணம், லீவு, வக்கீல் ஆஜராகும் கட்டணம் எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய் என்றால், மாதம் ஒரு வாய்தா வீதம் மூன்று வருடத்தில் 1,80,000 ரூபாய். இதில் தீர்ப்பு இன்னும் வரவே இல்லை!

வக்கீலிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்

வக்கீல் ஃபீஸுக்கு நிர்ணயிக்கப்பட்ட ரேட் கார்டு கிடையாது. அதனால் வக்காலத்தில் கையெழுத்து போடும் முன் இதைக் கேளுங்கள்: கேஸ் முழுக்க ஒரே தொகையா, வாய்தாவுக்கு இவ்வளவா? ஜீவனாம்ச மனு, குழந்தை பொறுப்பு மனு இவற்றுக்குத் தனி ஃபீஸா? அப்பீல் போனால்? பதிலை ஒரு மெயிலிலாவது எழுதி வாங்குங்கள்.

"வர்ற ஜீவனாம்சத்துல இத்தனை பர்சன்ட் குடுத்துடுங்க" என்று யாராவது சொன்னால் உஷார். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

ஃபீஸ் கொடுக்கவே வழியில்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருக்கும் ஆண்களுக்கும் உண்டு. உதவி எண் 15100. தவிர, 24-வது பிரிவின் கீழ், சொந்த வருமானம் போதாத கணவனோ மனைவியோ வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம்.

ஒரே சம்பளம், ரெண்டு வீடு

கோர்ட்டுக்கு வெளியே ஆகும் செலவுதான் பலரையும் சாய்க்கிறது. நேற்று வரை ஒரு வாடகை, ஒரு கரன்ட் பில், ஒரு ஃப்ரிட்ஜ். இன்று எல்லாமே இரண்டு. அதனால் முதல் வேலை, தனியாக இருந்தால் மாதம் எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பார்ப்பது. அட்வான்ஸ் உட்பட ஆறு மாதச் செலவாவது கையில் இருந்தால், அவசரத்தில் எந்தப் பேப்பரிலும் கையெழுத்து போட வேண்டியிருக்காது.

அடுத்தது லோன். இருவர் பெயரிலும் வாங்கிய ஹோம் லோனை, விவாகரத்து தீர்ப்பைக் காட்டி பேங்க்கில் நிறுத்த முடியாது. "ஈ.எம்.ஐ. அவர்தான் கட்டணும்" என்று உங்களுக்குள் எழுதிக்கொண்டாலும், அவர் கட்டாவிட்டால் பேங்க் உங்களைத்தான் தேடி வரும். சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். பேங்க்கிடம் பேசி, கடனிலிருந்து பெயரை எடுக்கும் வேலையையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கை, 'விவாகரத்தானால் சொத்தில் பாதி'. வெளிநாட்டு சீரிஸ் பார்த்து வந்தது. நம் சட்டத்தில் தானாகப் பாதி பிரியாது. வீடு யார் பெயரில் இருக்கிறது, யார் பணம் போட்டார்கள் என்பதே கேள்வி. ஆனால் கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த நகை, சீர், பரிசு எல்லாம் ஸ்ரீதனம், அவருடைய சொந்தச் சொத்து. மொய் நோட்டு, நகை பில், கல்யாண ஆல்பம் மூன்றும் இப்போது ஆதாரம்!

ஜீவனாம்சம் லாட்டரியும் இல்லை, தண்டனையும் இல்லை

கணவரின் நிகர சம்பளத்தில் 25 சதவிகிதம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது பரவலாகப் பகிரப்படுகிறது. அது ஃபிக்ஸட் ரேட் இல்லை. இருவரின் வருமானம், செலவு, வயது, குழந்தைகள் எல்லாம் பார்க்கப்படும். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. "இழுத்தடிச்சா மிச்சம்" என்று நினைப்பவருக்கு, இழுக்கும் ஒவ்வொரு மாதமும் பாக்கியாகத்தான் சேரும். இழுத்தடிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

கையெழுத்துக்கு முன்...

சமரச ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

• தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், எப்படி. முதல் மனுவின்போது ஒரு பகுதி, இறுதி விசாரணையில் மீதி என்று பிரிப்பது பலரும் செய்வது.

• குழந்தையின் படிப்பு, மருத்துவச் செலவு. வருடா வருடம் ஃபீஸ் ஏறும் என்பதையும் சேர்த்து. ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை, அதைப் பெற்றோர் விட்டுக்கொடுத்துவிட முடியாது.

• மொத்தமாக வரும் தொகைக்கும் மாதாமாதம் வருவதற்கும் வருமான வரிக் கணக்கு வேறு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

• இன்ஷூரன்ஸ், பி.எஃப்., பேங்க் கணக்குகளில் நாமினி யார்? மெடிக்கல் இன்ஷூரன்ஸில் துணையின் பாலிசியில் இருந்தவர்கள் புதிதாக எடுக்க வேண்டும்.

"எனக்கு இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் ஒருமுறை கையெழுத்து போட்டுவிட்டால், பிறகு திரும்பக் கேட்பது பெரும் போராட்டம். சண்டைக்கு மறுநாள் காலையில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

இப்படிக் கணக்கு சொல்லிக் கொடுப்பது குடும்பங்களை உடைக்காதா என்று கேட்கலாம். எக்ஸெல் ஷீட் பார்த்து யாரும் பிரிவதில்லை. ஆனால் கையில் காசு இல்லாததால் அடி வாங்கிக்கொண்டு உள்ளேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து, அடுத்த பத்து வருடத்தைக் கடனில் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். குடும்ப நீதிமன்றத்தில் சேர்ந்து வாழச் சொல்ல கவுன்சலிங் உண்டு. பிரிந்தால் எப்படி வாழ்வது என்று கணக்கு போட்டுக் காட்டவும் அங்கே ஓர் ஆள் இருந்தால் எவ்வளவோ நல்லது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று. பிரியப்போகும் தோழியிடமோ நண்பரிடமோ, "விடு, தலைமுழுகிட்டு வா" என்று சொல்லும் முன், "கையில எத்தனை மாசத்துக்குக் காசு இருக்கு?" என்று கேட்போம்.